சீ என்றாள் நிலூஷா!

“பள்ளியில உன்னப் பத்திக் கதை வந்திருக்கு.”

போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னது இது.

எனக்குத் திக்கென்றது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு வேறென்ன பயம்... யாரையாவது எழுத்தில் சீண்டிவிட்டேனா? இல்லை. நான் விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டுப் பின்வளவில் நின்று காற்றைக் கட்டிப்பிடிக்கிறேனாம். கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல். சீனாக்காரரின் தொழுகையைத் தொழுகிறேனாம்!

யார் சொன்னது? வேறு யார் — வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பரீதா மதினி. வீட்டுக்காரரின் கூடப்பிறந்த மூத்தவர். கெட்ட மனுஷி இல்லை. என் ஈமானை நினைத்துக் கவலைப்பட்டு, மௌலவியின் வீட்டில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கிறார். நம்முடைய ஊரில் இரண்டு வார்த்தை எவ்வளவு நேரத்துக்கு இரண்டாகவே இருக்கும்?

சரி, காற்றைக் கட்டிப்பிடித்தது உண்மையா? உண்மைதான். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் என் வலது தோள் வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலில் நோவு. பிறகு இறுக்கம். பிறகு கை நெஞ்சுக்கு மேலே ஏற மாட்டேன் என்றுவிட்டது. புத்தளத்து டொக்டர் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார். உறைந்துபோன தோளாம்! எங்கள் கற்பிட்டி வெயிலில் உறைவதற்கு என் தோள்தானா கிடைத்தது? மருந்து தந்தார். பயிற்சி சொல்லித்தந்தார். மெல்ல மெல்லத்தான் இளகும், பொறுமை வேண்டும் என்றார். மருந்தைக் குடித்தேன். பயிற்சியை வலிக்குப் பயந்து நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பொறுமையா? அது பார்மசியில் இல்லையே.

முழங்கைக்குக் கீழே எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அதனால்தான் இந்தப் பத்தியிலிருந்து நீங்கள் தப்பவில்லை.

ஆனால் கொடியில் உடுப்புக் காயப்போட முடியாது. நான் ஒரு டீச்சர்; என் வகுப்புக் கரும்பலகையின் மேல்பாதி வெறுமையாகவே கிடந்தது. தலை வாரிவிடுவது வீட்டுக்காரரின் வேலையாகிவிட்டது — மரக்கறிக் கடையில் வெங்காய மூட்டை கட்டிப் பழகிய கை பின்னலை எப்படி இறுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் சிரித்துக் கடக்கலாம். சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. தொழுகையைத் தொடங்க ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டும்போது இரண்டு கையையும் தோள்வரை உயர்த்தவேண்டும் அல்லவா? எனக்கு இடது கை மட்டும் போகும். வலது கை பாதியில் நிற்கும். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு தொழுகையிலும் அழுகை வரும். இயலாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, தெரியும். மனசு கேட்கவேண்டுமே! இரண்டு கையும் சேர்ந்து எழும்பவேண்டும் — அதுதான் அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆ.

அந்த நேரத்தில்தான் நிலூஷா வந்தாள்.

பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். சீனப் பிள்ளை. நுரைச்சோலை மின்நிலையத்துச் சீனர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அவள் படித்த இடத்தில் சிங்களம் படிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சிங்களப் பெயரும் வைத்துவிடுவார்களாம். சமையல்காரரோடு எங்கள் மரக்கறிக் கடைக்கு வருவாள். அவர் கத்தரிக்காயை முறைத்துப் பார்ப்பார், இவள் விலை பேசுவாள். என்னுடையது கடைத்தெருச் சிங்களம். அவளுடையது சுத்தமான புத்தகச் சிங்களம்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு இந்தக் கரைக்கு வந்தவள் நான். தெரியாத ஊரில் யாரோ நீட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியின் அருமை எனக்குத் தெரியும். “வா மகள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று கூப்பிட்டேன். வந்தாள். தேத்தண்ணி வேண்டாமாம், சுடுதண்ணி போதுமாம். அந்த வெயிலில்... வெறும் சுடுதண்ணி!

அலுமாரியிலிருந்து கோப்பையை நான் இடது கையால் எடுத்ததைக் கவனித்துவிட்டாள். எழும்பி வந்து என் வலது தோளில் விரலை வைத்து அழுத்தினாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு சொன்னாள்:

“சீ... சீ...”

பரீதா மதினியும் அங்கேதான் இருந்தார். “என்னா புள்ள இது! வீட்டுக்க கூப்பிட்டுத் தண்ணி குடுத்தா, தோளத் தொட்டுப்போட்டு சீ எண்டுறாள்! நாம என்ன குளிக்காத ஆக்களா?”

எனக்கும் முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் ஏன் முறைக்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. எதற்கு மகள் சீ என்று சிங்களத்தில் கேட்டேன். பாவம், பதறிப்போய் விளக்கினாள். உடம்புக்குள்ளே ஓடுகிற ஒன்றுக்குச் சீன மொழியில் ‘சீ’ என்று பெயராம். அது என் தோளில் ஓடாமல் அடைபட்டு நிற்கிறதாம்.

இரத்தமா? இல்லை. மூச்சா? கிட்டத்தட்ட. காற்று மாதிரியா? ஆமாம், ஆமாம், காற்று மாதிரி! மதினிக்குத் தமிழில் சொன்னேன்.

“அப்ப வாய்வு!” என்றார் மதினி. “இதச் சொல்லச் சீனாவுல இருந்து ஆள் வரணுமா? உள்ளி போட்டு ரசம் வச்சுக் குடி.”

நிலூஷாவின் ஊரில் இந்த நோய்க்கு ‘ஐம்பது வயதுத் தோள்’ என்று பெயராம். எனக்கு ஐம்பத்திரண்டு, கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறது. அவளுடைய உம்மாவுக்கும் வந்து, பூங்காவுக்குப் போய் ‘சீகுங்’ என்ற பயிற்சி செய்தாராம். “நான் வைத்தியர் இல்லை டீச்சர். அம்மாவுக்குத் துணையாகப் போய் அரைத் தூக்கத்தில் பழகியது. டொக்டர் சொன்னதை விட்டுவிடாதீர்கள்” என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போனது.

அதைக் கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சொல்லித்தந்தாள். பயிற்சி என்ன தெரியுமா? நிற்பது! காலைக் கொஞ்சம் அகட்டி, முழங்காலைத் தளரவிட்டு, பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கட்டிப்பிடித்த மாதிரி நிற்கவேண்டும். மூச்சு உள்ளே போகும்போது கை மெல்ல ஏறவேண்டும், வெளியே வரும்போது இறங்கவேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினால் அதட்டுவாள். “வலியோடு மல்லுக்கட்டாதீர்கள். நோகத் தொடங்கினால் நிறுத்துங்கள். நாளைக்கும் தோள் உங்களோடுதான் இருக்கும்.”

சாப்பாட்டில்தான் போர் மூண்டது. இஞ்சி நல்லது என்றாள். மதினி ஒத்துக்கொண்டார். ஐஸ் தண்ணி கூடாது, ஃபேன் காற்று நேரே தோளில் படக்கூடாது என்றாள். “நானும் அதத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்!” என்றார் மதினி. நண்டில் வந்து முட்டிக்கொண்டார்கள். நிலூஷா சொன்னாள், நண்டு குளிர். மதினி கொதித்துவிட்டார். “நண்டு குளிரா? கடக்கரையில பொறந்து வளந்த என்னட்டயே சொல்றாளா? நண்டு சூடு புள்ள, சூடு!” தீர்ப்புக்காக இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய? நண்டை இஞ்சி போட்டு ஆக்கி, மூன்று பேரும் தின்றோம்.

சீனா எங்கே, கற்பிட்டி எங்கே! ஆனால் சோற்றுக்கோப்பையைச் சூடு, குளிர் என்று பிரித்துவைத்துச் சண்டை பிடிப்பதில் இரண்டு ஊரும் ஒரே குடும்பம்தான்.

பயிற்சியை மட்டும் மதினிக்குக் காட்டாமல் மாதக்கணக்கில் அறைக்குள்ளே செய்துவந்தேன்; கை கொஞ்சம் இளகியது, தோள்வரை எட்டவில்லை. நண்டுச் சண்டையே போதும் என்று பட்டது. போன கிழமை புழுக்கம் தாங்காமல் பின்வளவுக்கு வந்தேன்... கதை பள்ளிக்குப் போய்விட்டது.

“மௌலவி கேக்கிறார். நான் என்ன சொல்ல?” என்றார் அந்த வெள்ளிக்கிழமை தொப்பியோடு நின்ற வீட்டுக்காரர்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தக்பீர் கட்டக் கை எழும்பணும் எண்டுதான் நிக்கிறன் எண்டு சொல்லுங்க! தொழுறதுக்காக நிக்கிற என்னப் போய்த் தொழுகைய மாத்திட்டாள் எண்டா...” அழுதுவிட்டேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் பள்ளிக்குப் போனார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சிரிப்போடு வந்தார். மௌலவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம் — நிற்கும்போது ஏதாவது ஓதுகிறாவா? இல்லை, மூச்சு மட்டும்தான் விடுறா என்றிருக்கிறார் இவர். “மூச்சு விடுறதுக்கு ஆராச்சும் ஃபத்வா கேப்பாங்களா?” என்றாராம் மௌலவி. பிறகு குரலைத் தாழ்த்தி, “முழங்காலுக்கும் ஏதும் இருக்கா எண்டு டீச்சரிட்டக் கேட்டுச் சொல்லுங்க” என்றாராம்!

மதினி வேலியோரம் வந்து நின்றார். “எனக்கு வெளங்கல்ல புள்ள. மனசுல வச்சிக்காத” என்றார். வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிலூஷா ஊருக்குப் புறப்பட்டாள். வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கடைக்கு முன்னால் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தாள். மதினி ஒரு கருவாட்டுப் பார்சலை அவள் கையில் திணித்து, அரைகுறைச் சிங்களத்தில், “உம்மாட்டக் குடு. இது சூடும் இல்ல, குளிரும் இல்ல” என்றார். நிலூஷா என் தோளில் கையை வைத்தாள்.

வேன் நகர்ந்தது. யன்னலால் தலையை நீட்டிக் கை காட்டினாள். நானும் காட்டினேன், வேன் திரும்பி மறையும்வரைக்கும்.

“புள்ள...” என்றார் வீட்டுக்காரர். “எந்தக் கையக் காட்டுறாய் எண்டு பார்.”

பார்த்தேன். வலது கை. தோளுக்கு மேலே!

எது சுகமாக்கியது? சீயா, டொக்டரின் மருந்தா, காலமா, மதினியின் உள்ளி ரசமா? சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆராய்ந்து பார்த்துத்தான் நன்றி சொல்லவேண்டும் என்றிருந்தால் உலகத்தில் ஒருத்தரும் ஒருத்தருக்கும் நன்றி சொல்லியிருக்க மாட்டோம். நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

அன்று பொழுதுபட்டதும் மஃரிபுத் தொழுகைக்குப் பாயில் நின்றேன். அல்லாஹு அக்பர். இரண்டு கையும் ஒன்றாக எழும்பின.

அதற்குப் பிறகு என்ன ஓதவேண்டும் என்பது எனக்கு வெகுநேரம் ஞாபகத்துக்கு வரவே இல்லை.