மழையிலும் தளராத தோல்

செல்வராணி டீச்சரின் தம்பி எனக்குப் போன் எடுத்தபோது நான் கொட்டகலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க சார். மாரடைப்பாம்" என்றார். அழுகைக்கு முன்னால் வந்தது பயம்தான். மூன்றாம் நாளாக மழை. கோயில் ஒலிபெருக்கி அறையின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

அவரோடு படிப்பித்த உங்களுக்கு அந்தச் சாவியின் கதை தெரியும். மண்சரிவு வரும்போலிருந்தால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் சனங்களை வெளியே கூப்பிட ஒரு சத்தம் வேண்டும். ஃபேக்டரிச் சங்கு ஊதினால் வேலைக்கு என்று நினைப்பார்கள். தப்பு மேளச் சத்தத்துக்கு எல்லோரும் வருவார்கள்; ஆனால் மழையில் அதன் தோல் தளர்ந்துவிடும். அதனால் டீச்சர் கணினியில் ஒன்றைச் செய்தார். பதிவு செய்து போட்டதல்ல. தோலின் இறுக்கம், குச்சி விழும் இடம் எல்லாவற்றையும் கணக்காக எழுதி உண்டாக்கிய ஒலி. "ரெண்டு அடி ஒரே மாதிரி விழுந்தா மிஷின்னு காது கண்டுபிடிச்சிரும் சார். அப்புறம் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க" என்பார்.

முதல் ஒத்திகையில் சாவு அடியைப் போட்டோம். சனங்கள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள், நோயில் கிடந்த ஒரு பெரியவரின் வீட்டைப் பார்த்து மேட்டில் ஏறினார்கள். அவரே எட்டிப் பார்த்து, "யாருப்பா போனது?" என்றார். நான் சிரித்துவிட்டேன், டீச்சர் சிரிக்கவில்லை. அன்றைக்கே திருவிழா அடிக்கு மாற்றினார். அதைக் கேட்டால் கால் தானாகக் கோயிலுக்கு இறங்கும்; கோயில் இருப்பது சமதரையில்.

நான் பயந்தாங்கொள்ளி என்பதும் அவருக்குத் தெரியும். "பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். விரல் மட்டும் நிக்கக் கூடாது" என்றார்.

அவரை எடுக்கும் நாளன்று, கோயிலடியில் மழை அளக்கும் போத்தலில் தண்ணீர், அபாயத்துக்குப் போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டியது. மேட்டு லயத்தில் அவர் வாசலில் தோட்டமே கூடியிருந்தது. நனைந்த தப்புகள் ஓய்ந்துவிட்டன. சாவு வீட்டுக்குத் திருவிழா அடியா? மண் இறங்காவிட்டால் எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பது? அறையைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.

மேலிருந்து யாரோ ஏசுவது கேட்டது. பிறகு தம்பி கத்தினார். "அது அக்கா செஞ்ச அடி. எல்லாரும் எறங்குங்க. அவங்களையும் தூக்குங்க."

பாடையோடு வந்தார்கள். துடக்கு, தீட்டு என்று சொல்லப்போகிறார் என நான் பயந்த பூசாரி, "கொட்டகைக்குள்ள கொண்டாங்க, நனையிறாங்கள்ல" என்றார்.

அரை மணி நேரத்தில், மேலே சாவு வீட்டுப் பந்தல் இருந்த இடத்தில் மண் இருந்தது.

சாவி இன்னும் என்னிடம்தான். மழை பிடித்தால் பயம் அது பாட்டுக்கு வருகிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, பயந்தாலும் நிற்காத அந்த ஒரு விரல்.