தட்டாமல் விட்ட முதுகு

ரேஸ் டிராக்கில் அவருக்குப் பெயர் டொக்டொக். வாரம் முழுக்கக் கடைவீதியில் பையும் பெல்ட்டும் ஷூவும் தைக்கிறவர், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிராக் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார். போட்டியும் பரிசும் கிடையாது. யார் வேண்டுமானாலும் சொந்த பைக்கைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டிப் பார்க்கிற நாட்கள் அவை. ஆனால் டொக்டொக் கையால் ஒட்டிய ஸ்டிக்கர் ஹெல்மெட்டில் இல்லாவிட்டால், எப்பேர்ப்பட்ட கொம்பனும் உள்ளே போக முடியாது.

லேசில் ஒட்டிவிட மாட்டார். ஹெல்மெட் ஒருமுறை அடிபட்டதென்று தெரிந்தாலே ஓரங்கட்டுவார். க்ளவுஸ் மணிக்கட்டைத் தாண்ட வேண்டும், பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும், லெதர் சூட் இரண்டு துண்டாக இருந்தால் இடுப்பைச் சுற்றி ஜிப் போட்டு இணைத்திருக்க வேண்டும். கடைசியில் ஆளைத் திரும்பி நிற்கச் சொல்லி, விரல் முட்டியால் முதுகில் தட்டுவார். முதுகுக் கவசம் சூட்டுக்குள்ளே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. டொக்கென்று கேட்டால் போகலாம். பொத்தென்று கேட்டால் வீட்டுக்குத்தான். இந்த ஒரு தடவை விடுங்கள் என்று ஒரு பெரிய டாக்டர் கெஞ்சியபோது, "உங்க முதுகை நீங்களே ஆபரேஷன் பண்ணிக்க முடியாது சார்" என்று திருப்பி அனுப்பியவர். ஒன்பது வருடத்தில் அவர் தட்டாத முதுகு ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய தங்கை புருஷனின் முதுகு.

அம்மா அப்பா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தது அவர்தான். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிற மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர், பைக் என்றால் மட்டும் உயிர். அன்றைக்கு அவர் வந்து சேரும்போதே முதல் குழு கிளம்பத் தயாராக இருந்தது. பைக்கை முந்தின நாளே டிராக்கில் விட்டிருந்தவர், காரிலேயே சூட்டை மாட்டி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு ஓடிவந்தார். கையில் தங்கை கொடுத்தனுப்பிய டீ ஃப்ளாஸ்க். டொக்டொக் ஹெல்மெட்டைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், ஸ்டிக்கரை ஒட்டினார். நம்ம வீட்டு ஆள்தானே. தோளில் செல்லமாக ஒரு தட்டு தட்டி, "போங்க மாப்பிள்ளை" என்று அனுப்பிவைத்தார். அந்தக் கை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தால் போதும்.

மூன்றாவது சுற்றில், வளைவில் பைக் சறுக்கி, மாப்பிள்ளை தடுப்பில் போய் முதுகு மோத விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரியில் சூட்டை வெட்டிக் கழற்றியபோது உள்ளே கவசம் இல்லை. கவசம் இருந்திருந்தால் தப்பித்திருப்பாரா என்று கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மாலையில் மாப்பிள்ளையின் காரை வீட்டில் கொண்டுவிட டொக்டொக் போனபோது, பின்சீட்டில் இருந்த பையில் கவசம் அப்படியே கிடந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டிராக் மேனேஜர் முந்திக்கொண்டு வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். செக்கிங் முடிந்த பிறகு, வெயில் தாங்காமல் தானே கழற்றிக் காரில் போட்டுவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். கட்டிலோரம் நின்ற தங்கையும் அதைக் கேட்டாள். எல்லோரும் போன பிறகு மாப்பிள்ளை டொக்டொக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கால் போனது போச்சு மச்சான். அவளுக்கு அண்ணனும் இல்லாம போக வேணாம். வாயைத் திறக்காதீங்க."

எழுதவே கூசுகிறது, அந்த நொடியில் டொக்டொக்குக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வேலை தப்பியது, பேர் தப்பியது. ஊர் முதுகையெல்லாம் தட்டிப் பார்த்தவருக்குத் தன் நெஞ்சைத் தட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை வீடு திரும்பியதிலிருந்து தினமும் காலையில் கடை திறக்கும் முன் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளையைத் தூக்கிக் குளியலறை நாற்காலியில் உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். தங்கை தண்ணீர் ஊற்றுவாள், அண்ணன் துண்டோடு நிற்பார். அவளுக்கு அழத் தெரியவில்லை, திட்டத்தான் தெரிந்தது. வெயிலாம் வெயில், பெண்டாட்டி பிள்ளையை விட வெயில் பெரிதாகப் போய்விட்டதா என்று ஆரம்பித்தால், சோப்புப் போட்டுத் தலை துவட்டும்வரை ஓயாது. மாப்பிள்ளை ஈரத் தலையோடு குனிந்து உட்கார்ந்திருப்பார். டொக்டொக் வாயைத் திறக்கும்போதெல்லாம் வேண்டாமென்று கண்ணால் தடுப்பார். ஏழு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய அவர்கள் மகள், அம்மா திட்டுவதைக் கேட்டுக் குளியலறை வாசலில் நின்றாள். எட்டு வயது.

"ஏன்ப்பா அதைக் கழட்டினீங்க?"

"அப்பா தப்பு பண்ணிட்டேன்டா கண்ணு" என்றார் மாப்பிள்ளை.

டொக்டொக்குக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குழந்தை போனதும், மாப்பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தட்டாமல் விட்டதை, கவசம் பையில் கிடந்ததை, மாப்பிள்ளை சொன்ன பொய்யை. அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"தட்ட மறந்துட்டீங்க. சரி, மனுஷன்னா மறப்பான். அதைப் பொறுத்துக்கலாம்ணா" என்றாள். "ஏழு மாசமா அவரை நான் கரிச்சுக் கொட்டினேனே. துண்டைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

அவள் உள்ளே போனாள். விபத்து நடந்த நாளிலிருந்து அழாதவள் அன்றைக்கு அழுதாள், அதுவும் புருஷன் காலடியில் விழுந்து. விடும்மா, விடும்மா என்று மாப்பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. டொக்டொக்கை யாரும் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் மணியை அடித்தார். தங்கை கதவைப் பாதி திறந்தாள். உள்ளே யாரோ முன்பின் தெரியாத ஒருவன் மாப்பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"ஆள் வச்சுட்டேன்ணா" என்றாள். "இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை, மூன்றாம் மனிதரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகத்தான் சொன்னாள். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள். கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.