417 எண் தலைக்கவசம்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை முற்பகல், கார்ட்டூன் நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், பின்னணி ஓவியர் ஒருவரின் வலது கை, பலர் பார்த்திருக்க, கதவிடுக்கில் வைத்து நசுக்கப்பட்டது. நிறுவனம் அனுப்பிய பணிநீக்கக் கடிதமோ, அவர் டைரக்டரை அடித்ததை மட்டும் சொல்கிறது. அடித்தது உண்மை, அவர் மறுக்கவில்லை. ஏன் அடித்தார், பிறகு அவருக்கு என்ன செய்யப்பட்டது என்ற இரண்டையும் கடிதம் விழுங்கிவிட்டது. ஆகவே நடந்தது, அவர் சார்பில், நிறுவன நிர்வாகத்துக்கு முதலிலிருந்து சொல்லப்படுகிறது.

அந்த ஓவியரை அலுவலகமே வர்ணக்கா என்று கூப்பிடும். எந்தப் பள்ளியிலும் ஓவியம் கற்காதவர். சுவர் விளம்பரம் எழுதப்போய்க் கை படிந்து, கணினியில் வரையத் தானே பழகி, நிறுவனம் டிவிக்கு எடுக்கும் சிரிப்புத் தொடருக்குத் தெருவும் வீடும் வரைந்து தந்துகொண்டிருந்தார். அவருடைய தம்பிக்கு ஓர் ஆலையில் கொதிகலன் வேலை. கொதிகலன் வெடித்த அன்று சவக்கிடங்கில் முகத்தைக் காட்டவில்லை, காட்ட முகமில்லை. தாடையோடு உருகி ஒட்டியிருந்த தலைக்கவசத்தில் 417 என்ற அவனுடைய பணி எண் மட்டும் பிழைத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் வர்ணக்கா தலையாட்டினார்.

வேலைக்குத் திரும்பியதும் ஒரு தெருவை வரைந்தார். மூலை வீட்டுக் கதவில் சின்னதாக 417 என்று எழுதினார். தம்பி அங்கே குடியிருக்கட்டும் என்ற நினைப்பு. அந்தத் தொடரில் வரைந்தது எதுவும் முழுசாக நிற்காது என்பது அப்போது நினைவுக்கு வராமல் போனதுதான் விபரீதம். அடுத்த வாரமே ஒரு பீரங்கி கதவைத் தூள்தூளாக்கியது. பார்த்தவர்கள் எண்ணைக் கவனித்துவிட்டார்கள். டைரக்டருக்கு ஒரே குஷி. 417 எண் பேருந்து பாலத்திலிருந்து விழுந்தது. 417 எண் குதிரை சப்பையாக நசுங்கியது. கடைசியில் 417 என்று எழுதிய தொப்பி போட்ட குண்டன் ஒருவன் வாராவாரம் வெடித்துச் சிதறினான். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

தம்பி மனைவி போன் செய்தாள்.

“அண்ணி, டிவில அவர் நம்பரப் போட்டு ஒருத்தன வெடிக்க வைக்கிறாங்க. எம்பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கிறா. அறைஞ்சுட்டேன் அண்ணி. உதடு கிழிஞ்சுபோச்சு. ஏம்மா அடிச்சேன்னு கேக்குறா, நான் என்னத்தச் சொல்ல?”

அன்றே வர்ணக்கா டைரக்டர் முன்னால் போய் நின்றார். சவக்கிடங்கில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா? இப்ப தூக்கினா தொடரே படுத்துரும்.”

“சார், எந்தம்பி செத்த நம்பர் சார் அது.”

“நம்பர் யார் வீட்டுச் சொத்து? போய்த் தெருவ வரைங்கக்கா.”

மூன்று மாதம் கழித்து, மேற்சொன்ன புதன்கிழமை, புது அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினார்கள். குண்டன் கொதிகலனுக்குள் தலையை விட்டான். வெடித்தது. தாடையோடு உருகிய தலைக்கவசம் திரை முழுக்க நின்றது. வர்ணக்கா வாயிலிருந்து வந்த விவரம், அச்சுப் பிசகாமல். அறை சிரிப்பில் அதிர்ந்தது. டைரக்டர் திரும்பினார்.

“எப்படிக்கா, தத்ரூபமா இருக்கா?”

வர்ணக்கா மேசையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர்பாட்டிலால் அவர் வாயில் அடித்தார். பல் தெறித்தது. மறுபடி ஓங்கினார். மூக்கெலும்பு நொறுங்கியது எல்லோர் காதிலும் விழுந்தது.

“இப்பச் சிரிங்க சார். சிரிங்க.”

காவலாளி அவரைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தான். வர்ணக்கா கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“கைய எடுக்கலைன்னா என்னடா? கதவச் சாத்து!” என்றார் டைரக்டர், ரத்தத்தைத் துப்பியபடி.

காவலாளி சாத்தினான். விரல்கள் மாட்டியிருப்பது தெரிந்தும் திறந்து, மறுபடி சாத்தினான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் சிரித்தவர்களில் ஒருத்தி அலறினாள்.

இப்போது அந்தக் கையில் கம்பிகள் இருக்கின்றன. இனி வரைய முடியுமா என்பதைக் கம்பிகளை எடுத்த பிறகு பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். பல்லுக்கும் மூக்குக்கும் உரிய தண்டனையை நீதிமன்றம் சொல்லட்டும், வர்ணக்கா ஏற்பார். ஆனால் அந்த அத்தியாயம் வரும் ஞாயிறு ஒளிபரப்பாக இருக்கிறது. அது நிறுத்தப்படுமா, படாதா? கதவைச் சாத்தச் சொன்னவர் மீதும் சாத்தியவன் மீதும் எடுத்த நடவடிக்கை என்ன? ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். இரண்டு கேள்விக்கும் சனிக்கிழமைக்குள், பொறுப்பானவர் கையொப்பத்துடன், எழுத்து மூலம் பதில் வர வேண்டும்.