இணைப்பு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை

ஜமீலா அந்தப் படங்களை அழிக்கவில்லை. அழித்தாள் என்று பொய் சொன்னவன் நான்.

என்னை நல்லவனாக்க முயலாதீர்கள். எனக்கு அது வேண்டாம்.

கம்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். ஊருக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்த காலம். நோயாளிகளின் படங்களெல்லாம் உள்ளறைக் கணினியில் இருக்கும். முன்னறையில் வேலைபார்த்த ஜமீலா, நோயாளியின் பெயரைத் தட்டினால், ஒயர் வழியே அங்குள்ள கோப்புகளை வரிசையாகக் காட்டும் நிரலை எழுதியவன் நான்.

கோப்புகளைக் கேட்பதற்கு முன், அந்தக் கணினியோடு இணைப்பு இருக்கிறதா என்று நிரல் பார்த்திருக்க வேண்டும். நான் அதை எழுதவில்லை. இணைப்பு அறுந்தால் வரும் பிழைச் செய்தியையும் மறைத்து, 'படம் ஏதும் இல்லை' என்று காட்டச் செய்தேன். என் நிரலில் பிழை என்று எவரும் சொல்லிவிடக் கூடாது... அவ்வளவுதான் காரணம்.

ஒரு நாள் கூடலூர் ஜீப் ஓட்டுநர் ஒருவர் வயிற்றுவலியோடு வந்தார். டாக்டர் பழைய ஸ்கேனைக் கேட்டார். திரை, இல்லை என்றது.

"நாந்தான் சேவ் பண்ணுனேன் சார். இந்த அண்ணே எழுதுனதுலதான் கோளாறு" என்றாள் ஜமீலா, எல்லார் முன்னிலையிலும்.

அந்தச் சொல்லுக்காகவே அவளை வெறுத்தேன்.

உள்ளே போனேன். ஒயர் கழன்று கிடந்தது. செருகினேன். படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. வெளியே வந்து, "இந்தப் பொண்ணு அழிச்சிருச்சு சார். நான் மீட்டுட்டேன்" என்றேன். டாக்டர் என் தோளைத் தட்டினார்.

மாலையில் அவள் தந்தை வந்தார். உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்.

"எம் பிள்ள இல்லேங்குது. டாக்டரு, இவ அழிச்சுட்டதாச் சொல்றாக. நீங்க சொல்லுங்க தம்பி, நம்புறேன்."

"ஆமா பாய். அழிச்சதக்கூட விடுங்க. ஒத்துக்க மாட்டேங்குதே."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பொய்யுமா சொல்ற?"

ஜமீலா அழவில்லை. என்னையே பார்த்தாள். அன்றோடு அவள் வேலை போயிற்று.

மறுநாள் நிரலைத் திருத்தினேன். முதலில் இணைப்பு இருக்கிறதா என்று பார்; இல்லையெனில் அதைச் சொல்; இருந்தால் மட்டும் கோப்புகளைக் காட்டு. சில வரிகள்தான், எழுதி முடித்தபோது தேநீர்கூட ஆறியிருக்கவில்லை. எவரிடமும் சொல்லவில்லை. பயமா? இல்லை... அவள் தோற்றது எனக்கு இனித்தது. உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும்.

சில ஆண்டுகள் கழித்து, கூடலூர் பஸ் நிறுத்தத்தில் அவள் தந்தையைக் கண்டு ஒதுங்கப் பார்த்தேன். அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மக அன்னைக்கு உங்க மேல பழியப் போட்டுருச்சு. மனசுல வச்சுக்கிறாதீக தம்பி."

"நான் அப்பவே மன்னிச்சுட்டேன் பாய்" என்றேன்.