முப்பத்தொரு விடைத்தாள்களில் ஒரே வரி

சென்ற புதன்கிழமை காலை, கேம்ப் ரோட்டில் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களான நம் வாட்ஸ்அப் குழுவில் நூர்ஜஹான் டீச்சரின் மகன் போட்டிருந்தார். அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டார், மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். இரண்டு முறை படித்தேன். பிறகு மகனையே அழைத்துக் கேட்டேன். "ஆமா அங்கிள், தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். எதையும் சரிபார்த்துக்கொள்ளும் என் பழக்கத்தை அந்த நேரத்தில் அவரிடம் காட்டியிருக்க வேண்டியதில்லை.

சேலையூரில் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு நான் வரலாறு எடுத்தேன், 'ஆ' பிரிவுக்கு அவர். நடுவில் ஒரு மரத்தடுப்புதான். கர்நாடகப் போர்களை, அதாவது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் மண்ணில் மோதிக்கொண்ட கதையை, நான் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு நடத்துவேன்: காரணம், போர், உடன்படிக்கை, விளைவு. அவர் வகுப்பில் ஒரே சத்தமாக இருக்கும். ஒருநாள் தடுப்புக்கு அப்பால் ஒரு பையன் கேட்டது என் காதில் விழுந்தது.

"மிஸ், ஐரோப்பால யாரு சிம்மாசனத்துல உக்கார்றதுன்னு சண்டைன்னா, இங்க வந்து ஏன் மிஸ் அடிச்சிக்கினாங்க?"

"எனக்கும் அதான்டா ஆச்சரியமா இருக்கு. ஆளுக்கொரு காரணம் யோசிச்சு எழுதிட்டு வாங்க. கைடு பாத்து எழுதினா கண்டுபிடிச்சிடுவேன்."

ஆசிரியர் ஒருவர் தனக்கே விளங்கவில்லை என்று வகுப்பில் காட்டிக்கொள்வது எனக்கு அன்று சரியாகப் படவில்லை. என் வழக்கம் வேறு. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

அடுத்த வாரம் என் வகுப்பில் செல்வி என்ற மாணவி எழுந்தாள். "சார், பிரெஞ்சுக்காரன் படையிலயும் நம்ம ஆளுங்க, இங்கிலீஷ்காரன் படையிலயும் நம்ம ஆளுங்க. எதிர்ல நிக்கிறது சொந்தக்காரன்னு தெரிஞ்சா என்ன சார் பண்ணியிருப்பாங்க?"

எனக்குத் தெரியாது. நான் படித்த எந்த நூலிலும் அது இல்லை. ஆனால் வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்படி ஆகக் கூடாதுன்னுதான் ரெண்டு பேரும் வேற வேற ஜில்லாவுலேந்து ஆள் எடுத்தாங்க" என்றேன். எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

காலாண்டுத் தேர்வில் இரு பிரிவு விடைத்தாள்களையும் நாங்கள் மாற்றிக்கொண்டு திருத்துவோம். மதிய இடைவேளையில் டீச்சர் என் வகுப்புக் கட்டுடன் வந்தார். முப்பத்தொரு தாள்களில் அதே வரி. கீழே பென்சில் கோடு. மதிப்பெண் போடவில்லை.

"சார், இது எந்த புக்ல இருக்கு? சொல்லுங்க, நானும் படிக்கணும். ரொம்ப நாளா இதைத்தான் தேடிட்டிருக்கேன்."

அதில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது வெறும் ஆவல். பெயர் நினைவில்லை, வீட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் தேடுவதுபோல் நடித்தேன். நான்காம் நாள், "புக் எதுவும் இல்ல டீச்சர். நானா சொன்னது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க, நானே நம்பிட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை மார்க் லிஸ்ட் குடுக்கணும். ரைட்டு போட்டா, அதுதான் உண்மைன்னு காலத்துக்கும் நினைச்சுப்பாங்க. தப்பு போட்டா, பாவம், அவங்க என்ன பண்ணாங்க? நீங்க கிளாஸ்ல சொல்லிடுங்க சார். அப்புறம் போடறேன்."

"அதுக்கப்புறம் பசங்க என்னை மதிப்பாங்களா?"

"தெரியல சார். சொல்லிப் பாத்தாத்தானே தெரியும்."

வியாழக்கிழமை, கடைசிப் பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. செல்விதான் எழுந்தாள். "அப்போ நிஜமா என்ன சார் ஆச்சு?"

"தெரியாதும்மா."

"சார், அப்போ மார்க்கு?" என்றான் பின்வரிசையில் ஒருவன். அதற்குள் மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள். "சொந்தக்காரன்னா சுட்டிருக்க மாட்டான்டா." "போடா, வெள்ளைக்கார துரை பக்கத்துலயே நிப்பான், சுடாம இருக்க முடியுமா?" "மேல பாத்து சுட்டிருப்பான்." மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. என் வகுப்பில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அதை அடக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டார். பென்சில் கோட்டின் அருகே சிவப்பு மையில், 'இதற்கு விடை இன்னும் தெரியாது' என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு தாளிலும், முப்பத்தொரு முறை.

ஓய்வுக்குப் பிறகும் சிட்லபாக்கத்திலிருந்து அவ்வப்போது அழைப்பார். "சார், ஏதாவது கெடச்சுதா?" என்பதுதான் முதல் வார்த்தை. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம். நூலகங்களில் எனக்குக் கிடைத்தது தளபதிகளின் பெயர்கள்தான். சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். "எண்ணினவன் அப்படியே அவங்க பேரையும் கேட்டிருக்கலாம்ல?" என்று ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த விடை என்று எதுவும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. இருவராகத் தேடியதை இனி நான் ஒருவனாகத் தேடுகிறேன். அவரை அறிந்த உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த நூல், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.