வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்

சமையலறையிலிருந்து ‘டப்’பென்று ஒரு சத்தம். தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி தள்ளாடித் தள்ளாடி உயிரை விட்டது.

முன்னறையில் உட்கார்ந்திருந்த கோழிப்பண்ணைக்கார அம்மாள் விசிறியைப் பார்த்தார். பிறகு தன் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். முட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி அது. அதன் மூடியில் ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் படித்து முடித்திருந்தார். மேல் வரியில் ‘மின்தடை 460’, கீழ் வரியில் ‘திறன் 115’.

“ஒட்டுன பசைகூட காயல. அதுக்குள்ள பலிச்சிருச்சே,” என்றார்.

எதிரே நின்ற ஹீட்டர்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், விளங்காததுதான் அவர் வாழ்க்கை. கெட்டில், இஸ்திரிப்பெட்டி, வெந்நீர் ஹீட்டர் என்று சூடாகும் எது கெட்டாலும் அவரிடம்தான் வரும். சரிசெய்ததும் வோல்டேஜை அளப்பார், ஓடுகிற கரண்டை அளப்பார். முதலாவதை இரண்டாவதால் வகுத்து மின்தடை, இரண்டையும் பெருக்கித் திறன் என்று எழுதி ஒட்டாமல் எந்தப் பொருளையும் வாசல் தாண்ட விடமாட்டார். இந்தப் பெட்டிக்கு 230 வோல்ட், அரை ஆம்பியர். கணக்கில் குற்றமில்லை.

“வகுத்தா தடை, பெருக்கினா திறன்” என்பதுதான் அவருடைய தாலாட்டு, தத்துவம் எல்லாம். கல்யாணமான புதிதில் அதைக் கேட்ட மனைவி துடைப்பத்தை நிறுத்தி, “தினமும் இந்த வீட்டைப் பெருக்குறது நான். அப்ப திறன் யாருக்கு?” என்று கேட்டார். அதற்கு விடை தெரியாமல் போனதால், அன்றிலிருந்து வீட்டில் மனைவி சொல்தான் சட்டம்.

அவர்களுடைய ஒரே மகளும் அந்த அம்மாளின் மகனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பெட்டியை எடுத்துப்போக வரும்போது பதில் சொல்கிறேன் என்று பையனின் தாய் சொல்லியிருந்தார். அந்தப் பதில் வரும்வரை ‘சம்பந்தி’ என்ற சொல்லை வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார் ஹீட்டர்காரர். உள்ளே மகளோ படபடப்பில் விருந்தாளிக்குக் கெட்டிலையும் தன் துணிக்கு இஸ்திரிப்பெட்டியையும் ஒரே பிளக்கில் மாட்டி ஃபியூஸைப் பறிகொடுத்திருந்தாள்.

கரண்டு நிற்கும் நாட்களில் செய்தித்தாளில் ‘மின்தடை’ என்றுதான் போடுவார்கள். கோழிப்பண்ணைக்கார அம்மாளுக்குத் தெரிந்த மின்தடை அது ஒன்றுதான். அப்படியொரு தடையில், பொரிக்க இருந்த குஞ்சுகளெல்லாம் முட்டைக்குள்ளேயே குளிர்ந்து போயின. தாய் மனம் மறக்குமா?

“நானூத்தி அறுபது மணி நேரமா மின்தடை?” என்று கேட்டார்.

“நேரக் கணக்கெல்லாம் இல்லம்மா. எப்பவுமே இருக்கும்.”

“கொறைக்க முடியாதா?”

“கொறைச்சா பெட்டி எரிஞ்சிரும்.”

“எங்க வீட்லயுமா இருக்கும்?”

“இல்லாத வீடே கிடையாது. உங்க பையன் உடம்புல கூட இருக்கு.”

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணத்தன்றாவது இருக்காதா என்று அவர் கேட்க, எவ்வளவு லைட்டு போடுகிறோமோ அவ்வளவு குறையும் என்று ஹீட்டர்காரர் வாக்களித்தார். விளக்குகள் கூடக்கூட மொத்த மின்தடை குறையும்; கணக்கின்படி அதுவும் சரிதான். கேட்டவருக்குத்தான் தலை சுற்றியது.

ஃபியூஸை மாற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள் மகள். விசிறி சுற்றத் தொடங்கியது. “அப்பா, அவங்க கரண்டு கட்டைச் சொல்றாங்க. நீங்க கம்பியைச் சொல்றீங்க,” என்றாள். பிறகு அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்து விளக்கினாள். ஓடிவரும் கரண்டைக் கம்பி இழுத்துப் பிடிக்கிறது, அந்தப் பிடிதான் மின்தடை, அது இல்லாவிட்டால் சூடே இல்லை, குஞ்சும் இல்லை.

அம்மாள் சீட்டை விரலால் தொட்டுக் காட்டினார். “புரியுது கண்ணு. ஆனா தடைன்னு எழுதுன பெட்டியைத் தூக்கிட்டு நான் எப்படி நல்ல வார்த்தை சொல்லுவேன்? அந்த எழுத்தை அழிக்கச் சொல்லு.”

ஹீட்டர்காரர் பேனாவை எடுத்தார். ஒருபுறம் பெற்ற மகள், மறுபுறம் வாழ்நாளில் ஒருமுறைகூட அழிக்காத கணக்கு. “தடை இல்லன்னு எழுதுனா அது பொய்யாயிடும்மா,” என்றார். மகளின் முகம் இருண்டது.

அப்போதுதான் மனைவி குறுக்கே வந்தார். ஈரம் காயாத சீட்டை அலுங்காமல் உரித்தார். நடுவில் கிழித்தார். கீழ்ப் பாதியைப் பெட்டியிலேயே திரும்ப ஒட்டினார். மேல் பாதியைக் கணவரின் சட்டைப்பை மேல் அழுத்தி ஒட்டினார்.

“திறனை நீங்க கொண்டு போங்க. தடை எங்க வீட்டோட இருக்கட்டும். எனக்குப் பழகிடுச்சு.”

கோழிப்பண்ணைக்கார அம்மாள் ஹீட்டர்காரரை மேலும் கீழும் பார்த்தார். நெஞ்சில் ‘மின்தடை 460’ என்ற சீட்டோடு, பேனாவும் கையுமாக நின்றார் மனிதர். சீட்டில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று தனக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பொண்ணை மட்டும் அனுப்புங்க சம்பந்தி,” என்றார். “அந்தச் சட்டை வேண்டாம்.”

தடை பின்தொடர்ந்து வந்துவிடாமல், தன் பின்னால் கதவைத் தானே சாத்திக்கொண்டு போனார்.