இஸ்திரி அக்கா எதிரே வருகிறார்

யாத்திரைக் குழுவினர் அச்சடித்துக் கொடுக்கும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே யாத்ரீகர் என்பவர் யார் என்று விளக்கம் இருக்கிறது. உலகக் கவலைகளை வீட்டோடு விட்டுவிட்டு, தன் சுமையைத் தானே சுமந்து, தலத்தை நோக்கி முகம் வைத்து, திரும்பிப் பாராமல் நடப்பவரே யாத்ரீகர். அப்படிப்பட்டவருக்குத்தான் வழியிலுள்ள விடுதிகளில் கட்டில் கிடைக்கும். அதுவும் ஒரு விடுதிக்கு ஓர் இரவு மட்டும்.

இஸ்திரி அக்காவுக்கும் இந்த விளக்கத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. உலகக் கவலை அவரைக் காலையிலும் மாலையிலும் கைப்பேசியில் கூப்பிட்டது. வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டுச் சலவைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், நீலக் கோடு போட்ட சட்டை டாக்டருடையதா வக்கீலுடையதா என்று கேட்பார். இவர் மலைச்சரிவில் நின்றபடி, காலர் பட்டைக்கு உள்பக்கம் பார்க்கச் சொல்வார். சுமையில் பாதி கூட வந்த தங்கையின் முதுகில் இருந்தது. திரும்பிப் பாராமல் நடந்த லட்சணத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அக்காவின் கடை சிறியது. முன்னால் தேய்க்கும் மேசை, பின்னால் இரண்டு சலவை இயந்திரங்கள், நடுவில் மூச்சு விட மட்டும் இடம். ஆனால் அந்தக் கடைக்கு வந்த ஒரு கைக்குட்டை கூட வீடு மாறிப் போனதில்லை. துணி உள்ளே வந்ததும் அதன் மறைவான மூலையில் எண் எழுதிய சின்ன நாடாத் துண்டைத் தைத்துவிடுவார். கறை போகவில்லை என்று யாராவது குறை சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். துணி மாறிவிட்டது என்று சந்தேகப்பட்டால் மட்டும் முகம் கடுத்துவிடும். ஒருமுறை வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்ததற்கு, மூன்று நாள் அவரோடு பேசவில்லை. இவ்வளவு கறாரான மனுஷி ஊரை விட்டு நடக்கக் கிளம்பியது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நாலு நாள் நின்ற இடத்தில் நிற்காமல் இருந்தால் தேவலை என்றுதான். பக்தி தங்கையின் இலாகா.

விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. சேறு படிந்த ஷூக்களோடு உள்ளே போகக் கூடாது; வாசல் அலமாரியில் வைத்துவிட வேண்டும். இன்னொரு வழக்கத்துக்கு விதி எதுவும் கிடையாது. அடுத்த விடுதியில் முந்தினவருக்கே கட்டில் என்பதால், எல்லோரும் விடியுமுன் எழுந்து, தூங்குகிறவர்கள் திட்டுவார்களே என்று விளக்குப் போடாமல், இருட்டில் தடவிக் கிளம்பிவிடுவார்கள். இந்த இரண்டு வழக்கங்களும் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன ஆகும் என்று குழுவினர் யோசிக்கவில்லை.

கடைசிக்கு முந்தின விடுதியிலிருந்து அக்காவும் தங்கையும் அப்படித்தான் கிளம்பினார்கள். மறுநாள் சாயங்காலம் தலம். அதற்கு மறுநாள் வீட்டுக்காரரின் லீவு முடிகிறது. அக்கா கடையில் இருந்தாக வேண்டும். காலையிலிருந்தே அக்காவின் நடை சரியில்லை. பாதைதான் சரிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"பாதை சமமாத்தான்க்கா இருக்கு. நீதான் பஞ்சரான வண்டி மாதிரி ஒரு பக்கமா சாயறே" என்றாள் தங்கை.

நண்பகலில் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அதே பழுப்பு, அதே அளவு, அதே வெள்ளை நாடா. இடது ஷூவுக்குள் மட்டும் குதிகாலுக்கு அடியில் தோலால் தைத்த தடிமனான மெத்தை ஒன்று இருந்தது. அக்கா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். யாரோ ஒருவருக்கு ஒரு கால் குட்டை. அந்த யாரோ இது இல்லாமல் இப்போது நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விடுதிக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பகலில் அங்கே கூட்டிப் பெருக்கும் நேரம். யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றால், அந்தப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில்தான் போகிறார்கள்.

தங்கை கெஞ்சிப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசற்படியில் திரும்புவதா, அந்த ஆள் எப்படியாவது சமாளிப்பார் என்றாள்.

"வீடு மாறிப் போன துணியை நானே உடுத்திக்கிட்டு சாமி கும்பிடப் போகச் சொல்றியா? நீ போடி. எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ. சாமிக்கு என் விலாசம் தெரியும்" என்றார் அக்கா.

மெத்தையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். எதிரே வந்த ஒவ்வொருவரும் நல்ல மனதோடு அவரை நிறுத்தி, வழி அந்தப் பக்கம் என்று காட்டினார்கள். முதலில் வந்தவர்களிடம் முழுக் கதையையும் சொன்னார். அப்புறம் பாதிக் கதை. கடைசியில் வந்த கும்பலிடம், அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு மட்டும் யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு பேர் தங்கள் வீட்டு அடுப்பை நினைத்துக் கவலையோடு போனார்கள்.

விடுதி கண்ணில் பட்டதும் குழாயடியில் நின்று ஷூக்களைக் கழற்றினார். சேற்றைச் சுரண்டி, துண்டால் துடைத்து, மெத்தையை வைத்து, நாடாவைச் சீராக்கினார். கடையிலிருந்து அழுக்காக எதுவும் வெளியே போய்ப் பழக்கமில்லை. வெறுங்காலோடு வாசலுக்குப் போனார்.

வாசல் பெஞ்சில் ஒரு குள்ளமான மனிதர் அக்காவின் ஷூக்களை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். வங்கி ஒன்றில் காவலாளி. காணாமல் போனதை விடுதிக்காரம்மாவிடம் சொல்லவே அவருக்குப் பாதி நாள் ஆகியிருந்தது.

"பேங்க்கையே காவல் காக்கிறவன், என் ஷூவைக் காணோம்னு எந்த வாயால சொல்றது?"

அக்கா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்பதாக இல்லை. மடியிலிருந்த ஷூவின் நாக்கைத் தூக்கி, உள்ளே தைத்திருந்த நாடாத் துண்டைக் காட்டினார். அக்கா கிளம்புமுன் பழக்கதோஷத்தில் தன் ஷூவுக்கும் எண் போட்டிருந்தார். இருட்டில் அதைப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"இவ்வளவு நறுவிசா அடையாளம் தைக்கிறவங்க திரும்பி வராம இருப்பாங்களா? அதான் உட்கார்ந்துட்டேன்" என்றார்.

விடுதிக்காரம்மா சாவிக்கொத்தோடு வந்தார். கையேடு அவருக்குத் தலைகீழாகப் பாடம். எதிர்த்திசையில் வருகிறவருக்குக் கட்டில் கிடையாது என்பதை எடுத்துச் சொல்லிவிட்டு, அக்காவின் வெறுங்காலைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார்.

"உங்க ஷூ காலையிலிருந்து இங்கேயேதானே இருக்கு? அப்போ நீங்க இன்னும் கிளம்பவே இல்லை. உள்ளே போங்க."

அப்படியானால் அது இரண்டாவது இரவு ஆயிற்றே, அதற்கும் தடை உண்டே என்று காவலாளி மெதுவாகச் சொன்னார்.

"உங்களை பேங்க்ல வெச்சது சரிதான்" என்றார் விடுதிக்காரம்மா. "உங்களுக்கும் இது ரெண்டாவது ராத்திரிதான், ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் விடிந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், அவரவர் ஷூவை அவரவர் போட்டுக்கொண்டார்கள். காவலாளி நேராக நடந்து தலத்தைப் பார்த்துப் போனார். அக்கா பஸ் பிடித்துக் கடைக்கு வந்து, டாக்டரின் நீலக் கோடு போட்ட சட்டையை டாக்டருக்கே அனுப்பினார்.

தங்கை போய்ச் சேர்ந்தாள். யாத்திரையை நிறைவு செய்தவர் என்று குழுவினர் சான்றிதழும் கொடுத்தார்கள். அது பையில் கசங்கி வந்தது. அக்காதான் அதன்மேல் மெல்லிய துணி விரித்து, சூட்டைக் குறைத்து, சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தார். அக்கா போய்ச் சேர்ந்தாரா என்று கடைக்கு வருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். இல்லை என்று சந்தோஷமாகவே சொல்கிறார், இடுப்பும் தேவலையாம்.

அவர் செய்தது இவ்வளவுதான்: இருட்டில் தவறிப் போட்டுக்கொண்டு போன ஒரு ஜோடி ஷூவை, வந்த வழியே நடந்து போய், துடைத்து, உரியவரிடம் கொடுத்தார்.